குளம் மணத்த நாள்

குளம் மணத்தது. அதுதான் வாகீஸ்வரியைப் பயமுறுத்தியது.

ஜீப்பிலிருந்து ஒரு காலைத்தான் கீழே வைத்திருப்பாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து நின்றதுபோல் பினாயில் வாடை முகத்தில் அடித்தது. செம்பனை எண்ணெய் ஆலையின் கழிவுக் குளம் நாற வேண்டிய இடம். புளித்த கஞ்சியும் அழுகிய முட்டையும் ஒன்றாய்ச் சேர்ந்த நாற்றம் அது. முதல் தடவை வருகிறவர்கள் காலையில் சாப்பிட்டதைக் கக்கிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். வாகீஸ்வரி மட்டும் மூன்று வருஷமாக ஒவ்வொரு காலையும் கரையில் நின்று, சமையல்காரி குழம்பை மோந்து பார்ப்பதைப்போல் மூச்சை இழுத்துப் பார்த்து, திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டுப் போவாள். அப்படிப்பட்ட குளம் இன்றைக்கு மணக்கிறது. கரையோரக் கற்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்திருந்தது. வேலிக் கதவில் மாவிலைத் தோரணம். நேற்று ஒருநாள் அவள் கோலாலம்பூர் ஆபீசுக்குப் போய் வருவதற்குள் இத்தனையும் நடந்திருக்கிறது.

குளத்தின்மேல் படியும் எண்ணெய் ஆடையை வழித்தெடுக்கும் பெண்கள் துவைத்த கைலியும் தலைத்துணியுமாய் வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்றவள் சின்னத்தாய். அந்தக் கும்பலுக்கு அவள்தான் மண்டோர், கங்காணி மாதிரி. பேர்தான் சின்னத்தாய், குரல் எடுத்தால் ஆலைச் சங்குக்குப் போட்டி.

“மோந்து பாருங்க மிஸ்! ஒரு பொட்டு நாத்தம் இருக்கா? நாளைக்கு அந்தப் பெரிய மனுசன் வந்து நின்னா மூக்கப் பொத்தவே மாட்டாரு லா!”

சொல்லிவிட்டு வாகீஸ்வரியின் முகத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கி வந்த பிள்ளை, அம்மாவின் முகத்தைப் பார்க்குமே, அந்தப் பார்வை.

நாளைக்கு வரப்போகிறவர் கம்பெனியின் சேர்மன். அவர் வருவது இந்தக் குளத்தைப் பார்க்கத்தான். ஈஜோக் ஊரை ஒட்டிய இந்தச் சுங்கை மெராந்தித் தோட்டத்தில் வாகீஸ்வரி போட்ட குளங்கள் உருப்படியாக வேலை செய்கின்றன என்று அவருக்குத் திருப்தி வந்தால், உலு யாமிலிருந்து கடற்கரை வரைக்கும் கம்பெனிக்கு இருக்கிற ஆலைகள் அத்தனைக்கும் இதேபோல் குளம் வெட்டுவார்கள். ஆலைக் கழிவு நேரே ஆற்றில் இறங்குவது நிற்கும். அத்தனைக்கும் தலைமை வாகீஸ்வரிதான். திருப்தி வராவிட்டால் அவளுடைய சுற்றுச்சூழல் பிரிவை இழுத்து மூடிவிடுவார்கள். பிரிவு என்றால் என்ன பிரமாதம்? அவள், ஒரு டிரைவர், ஒரு டைப்பிஸ்ட். அவள் பழையபடி ஆலை லேபில் கண்ணாடிக் குழாய் கழுவப் போக வேண்டியதுதான்.

எண்பத்தைந்தாம் ஆண்டில் ஒரு பெண் இந்த இடத்துக்கு வந்தது சும்மா இல்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் ரசாயனம் படித்துவிட்டு அவள் ஆலையில் சேர்ந்தபோது, தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணியாய், தலைமைக் குமாஸ்தாவாய் இருந்து ஓய்வு பெற்ற அப்பா தர்மலிங்கம் இரண்டு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். “ஊர்ப் பெட்டையள் எல்லாம் டீச்சரும் டாக்குத்தருமாப் போகுதுகள். என்ரை பெட்டை சாக்கடை பார்க்கப் போறாள்” என்று யாழ்ப்பாணத்து உறவுக்காரர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார். ஆலையிலும் அதே பேர்தான். சாக்கடை மிஸ். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேரே சொன்னார்கள், பிறகு பிள்ளைகள் தெருவில் கூப்பிட்டு வணக்கம் சொன்னார்கள். அவளுக்கும் அது பழகிப்போயிற்று. ஒரு கூட்டத்தில் பத்துப் பதினைந்து ஆண்கள் ஆளாளுக்குப் பேசி முடித்தபின், “சரி, சாக்கடை மிஸ் இப்போது பேசட்டுமா?” என்று அவளே கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்திருக்கிறாள். சிரித்தவர்கள் அதன்பின் கேட்டார்கள்.

இப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “எந்தக் குளத்துல ஊத்துனீங்க சின்னத்தாயக்கா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“ரெண்டாவதுலதான். அதுதானே மிஸ் ரொம்ப நாறும்? ஸ்டோர்ல இருந்தது பத்தல. ஈஜோக்குல சலாவுதீன் பாய் கடைக்கு ஓடுனோம். இத்தன தோட்டத்துக்கும் அவருதானே பினாயில் போடுறாரு? ‘நம்ம தங்கச்சிக்கு நல்ல நாளு, டிரம் டிரம்மா எடுத்துட்டுப் போங்க’ன்னு அவரு லோரியிலயே ஏத்தி விட்டாரு. டுயிட்டு ஒரு காசுகூட வேணாம்னுட்டாரு.”

இதைத் தப்பு என்று யார் சொல்ல முடியும்? வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்து தோட்டத்தில் நடந்து வருவதுதான். பெரிய ஆள் வருகிறான் என்றால் கல்லுக்குச் சுண்ணாம்பு, கால்வாய்க்குப் பினாயில். கக்கூஸ், பிள்ளைக் கொட்டகை, மாட்டுக் கொட்டகை, எதுவும் தப்பாது. சாமியே நேரில் வந்தாலும் முதலில் பினாயில் தெளித்துவிட்டுத்தான் இவர்கள் கதவைத் திறப்பார்கள். நாற்றத்தோடு ஒருவரை வரவேற்பது அவமரியாதை. அதுவும் தங்கள் மிஸ்ஸுக்கு ஒரு நாள் வருகிறபோது.

வாகீஸ்வரி கரையில் குந்தி உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தாள். எந்நேரமும் உலைபோல் கொதித்துக்கொண்டிருக்கும் குளம் அது. அடிச்சேற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று தின்று விடுகிற காற்று, குமிழி குமிழியாக மேலே வந்து உடையும். இப்போது ஒரு குமிழி இல்லை. குளம் அசையாமல் கிடந்தது. மூன்று வருஷம் பிள்ளைபோல் வளர்த்தது. பினாயில் கிருமியைக் கொல்லத்தானே இருக்கிறது? அது தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டது. திட்டுவதற்கு வாய் வரைக்கும் வந்த வார்த்தையை விழுங்கினாள். கரைக் கம்பத்தில் அவளே எழுதி மாட்டிய பலகை தொங்கிக்கொண்டிருந்தது: குளத்தில் எதையும் கொட்டாதீர். ஆங்கிலத்தில் ஒரு வரி, மலாயில் ஒரு வரி, தமிழில் ஒன்றும் இல்லை. கோலாலம்பூர் ஹோட்டலில் படம் போட்டு மேனேஜர்களுக்கெல்லாம் பாடம் நடத்தியிருக்கிறாள். தினமும் இந்தக் குளத்தில் கைவைக்கிற பெண்களுக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து சொன்னதில்லை. அதை நினைத்தபோதுதான் உண்மையாகவே வலித்தது.

ஆலை மேனேஜர் சிவானந்தம் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரும் யாழ்ப்பாணத்துக் குடும்பம்தான். வாலிபத்தில் வாகீஸ்வரியின் அப்பாவுக்குக் கீழே சின்னக் கிராணியாக இருந்தவர்.

“இதுக்கேன் பிள்ளை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிக்கிறீர்? நல்லதுதானே நடந்திருக்கு. நாளைக்குச் சேர்மன் வருவார், மணந்து பார்ப்பார், சந்தோஷமாப் போவார். குளம் பிறகு செத்தால் சாகட்டும். மழையிலை கெட்டுப்போச்சுது எண்டு எழுதுவம்.”

“ஆலை ஓடினால் கழிவு அப்பிடியே ஆத்திலை இறங்கும் ஐயா.”

“முந்தியும் இறங்கினதுதானே?”

“முந்தி எனக்குத் தெரியாது. இப்ப தெரியும். ஆலையை நிப்பாட்டுங்கோ.”

சிவானந்தம் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். காய்ப்பு உச்சத்தில் இருந்த மாதம் அது. ஆலை வாசலில் செம்பனைக் குலைகள் மலைபோல் குவிந்து கிடந்தன. இரண்டு நாள் கிடந்தால் அத்தனையும் கெட்டு எண்ணெய் ஒன்றுக்கும் உதவாது. “படிச்ச படிப்பெல்லாம் ஆலையை மூடத்தானோ?” என்று கத்தினார். “சரி, அப்பிடியெண்டால் ஊத்தினவளின்ரை பேரை எழுதித் தாரும். வேலையாலை நிப்பாட்டுவம். வேணுமெண்டு செய்தவள் எண்டு சொன்னால் உம்மிலை ஒரு பிழையும் வராது.”

“ஒருத்தரின்ரை பேரும் தரமாட்டன். குளம் என்ரை பொறுப்பு. நாளைக்கு அவரிட்டை நானே சொல்லுவன்.”

மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சிவானந்தம் ஜன்னலுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வெளியே குலை இறக்கும் லோரிகள் ஹாரன் அடித்தன. பிறகு அவர் திரும்பி, போனை எடுத்துக் கலும்பாங் பக்கத்தில் சொந்தமாகக் கழிவுக் குளம் வைத்திருந்த வேறொரு கம்பெனியின் ஆலையைக் கூப்பிட்டார். எங்கள் குலையைக் கொஞ்ச நாளைக்கு எடுத்துக்கொள்வீர்களா என்று, அந்த மனிதர் வாயில் அதுவரை யாரும் கேட்டிராத பணிவோடு கேட்டார். போனை வைத்துவிட்டுச் சொன்னார்: “உம்மடை கொப்பரும் இப்பிடித்தான். நான் ஒருக்கால் பெரிய பிழை ஒண்டு விட்டனான். துரை கேட்டு நிண்டவன். தன்ரை பிழை எண்டு சொல்லிப்போட்டார். இண்டுவரைக்கும் அதைப் பற்றி ஒரு கதை இல்லை.”

தட்டைத் தள்ளி வைத்த அப்பாவைத்தான் அவளுக்குத் தெரியும். இந்த அப்பாவை யாரும் சொல்லித் தந்ததில்லை. “தேங்க்ஸ் ஐயா” என்றாள்.

ஆலை நின்றதும் தொழிலாளர் குடியிருக்கும் லயமே வெலவெலத்துப் போயிற்று. இரவும் பகலும் காதில் இரைந்த சத்தம் திடீரென்று இல்லையென்றால் எப்படியிருக்கும்? சின்னத்தாயும் மற்றப் பெண்களும் ஓட்டமும் நடையுமாகக் குளத்துக்கே வந்துவிட்டார்கள். வாகீஸ்வரி அவர்களைக் கரையில் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள், அவை தின்கிற தீனி, அவை விடுகிற ஏப்பம், அந்த ஏப்பம்தான் நாற்றம், அவை தின்று தீர்ப்பதால்தான் மூன்று வருஷமாக ஆற்றில் மீன் திரும்பியிருக்கிறது என்று ஒன்றொன்றாகச் சொன்னாள்.

சின்னத்தாயின் தலைத்துணி அவிழ்ந்து தோளில் விழுந்தது. “அப்ப நாங்க சோறு போடுற கையாலயே வெஷம் வச்சுட்டமா மிஸ்?”

“நாந்தான்க்கா சொல்லல. போர்டுல எழுதி மாட்டுனேன். உங்களுக்குப் படிக்க வருமான்னு கேக்காமலே எழுதி மாட்டுனேன்.”

“நீங்க ஏன் மிஸ் பழிய எடுத்துக்கிறீங்க? நாளைக்கு அவருகிட்ட என் பேரச் சொல்லிடுங்க. எனக்கு என்ன, வெளிக்காட்டுல புல்லு வெட்டிப் பொழச்சுக்குவேன்.”

“உங்க பேரச் சொன்னா, அப்புறம் இந்தக் குளத்த யாரு பாப்பா?” என்றாள் வாகீஸ்வரி. சின்னத்தாய் முந்தானை இல்லாத கைலிக்காரி. தலைத்துணியாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் சேர்மன் வந்தார். பளபளவென்ற கறுப்புக் கார், பின்னால் இன்னும் மூன்று கார். கரையில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தவரின் முகம் மலர்ந்தது. இவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று தான் எதிர்பார்க்கவில்லை என்றார். கூட வந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த ஒரு நிமிஷம் வாகீஸ்வரி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும், எல்லாம் கைகூடியிருக்கும். சிவானந்தம்கூட அவளைப் பார்த்தார். அவள் சொன்னாள். குளம் செத்திருக்கிறது, அதனால்தான் மணக்கிறது, அதனால்தான் ஆலையை நிறுத்தியிருக்கிறேன், வெளிமடையை அடைத்திருக்கிறேன், ஒரு சொட்டும் ஆற்றுக்குப் போகவில்லை, குளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு நான் சரியாகச் சொல்லிக் கொடுக்காததால் வந்த வினை இது. சேர்மன் குளத்தையும் பார்த்தார், தோரணத்தையும் பார்த்தார், தூரத்தில் கும்பலாக நின்ற பெண்களையும் பார்த்தார். பிழைக்குமா என்று கேட்டார். தெரியாது, பிழைக்கவைக்கப் பார்ப்பேன் என்றாள். அவர் காரில் ஏறிக்கொண்டு சொன்னார்: “இந்த மாதக் கடைசி வரைக்கும் பாருங்கள். பிழைக்காவிட்டால் உங்கள் பிரிவு இல்லை. நாற ஆரம்பித்தால் சொல்லியனுப்புங்கள், வருகிறேன்.”

நாற ஆரம்பித்தால்! கார்கள் போனபின் சிவானந்தம் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். இப்படி ஒரு அழைப்பை அவர் தம் உத்தியோகத்தில் கண்டதில்லை.

மறுநாளிலிருந்து பிடித்தது வேலை. உயிருள்ள குளத்துச் சேறும் மாட்டுச் சாணியும் கொட்டினால் உள்ளே மறுபடி உயிர் பிடிக்கும் என்று வாகீஸ்வரி சொல்லி வாய் மூடவில்லை, சின்னத்தாய் லயம் லயமாகப் போய்விட்டாள். ஒரு மாட்டுக்காரரை விடவில்லை. சாணி வாளியிலும் தகரத்திலும் தள்ளுவண்டியிலும் வந்தது. கோயில் பசு போட்டதைக்கூடப் பூசாரி தனியாக வாழையிலையில் வைத்து அனுப்பினார். விஷயம் கேள்விப்பட்ட சலாவுதீன் பாய்க்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லையாம். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் தொப்பியோடு வந்து நின்றார். “தெரியாமக் கொடுத்துட்டேன் தங்கச்சி. என்ன செய்யணும், சொல்லுங்க” என்றார். கலும்பாங் ஆலைக் குளத்திலிருந்து சேறு அள்ளிவர லோரி வேண்டும் என்றாள். மளிகைச் சாமான் ஏற்றுகிற லோரியில் தார்ப்பாய் விரித்து, கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, அவரே ஓட்டிப் போனார். நடை நடையாகப் போனார். “யா அல்லா, இந்த நாத்தத்தையா தங்கச்சி தேடுறீங்க? எங்க வீட்டுல என்னை வாசல்லயே நிறுத்தித் தண்ணி ஊத்துறாங்க” என்று ஒவ்வொரு தடவையும் புலம்பினார். ஒரு தடவையும் வராமல் இருந்ததில்லை.

அதன்பிறகு காத்திருப்புதான். காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி ஊட்டுவதுபோல், ஆலையைத் தினம் கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டி, குளத்துக்கு அளந்து அளந்து கழிவு விட்டார்கள். வாகீஸ்வரி காலையும் மாலையும் கரையில் குந்தியிருந்தாள். பக்கத்தில் சின்னத்தாய். ஒன்றும் இல்லை. ஒரு நாள் காற்றில் இலை விழுந்து வட்டம் போட்டதைக் குமிழி என்று நினைத்து இருவரும் எழுந்து நின்று, பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் உட்கார்ந்தார்கள். அப்பாவிடமிருந்து போன் வந்தது. சிவானந்தம் சொல்லியிருக்க வேண்டும். “பிள்ளை, சாப்பிட்டியோ?” என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. போனை வைக்கிறபோது, “சாணி காணாட்டில் சொல்லு. இஞ்சையும் மாடு இருக்கு” என்றார். வாகீஸ்வரி ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு, சிரித்துக்கொண்டே அழுதாள். பிரிவு போனாலும் போகட்டும், இத்தனை பேர் தன் பின்னால் நின்றதே போதும் என்று அப்போது அவளுக்குத் தோன்றியது. ஆனால் போதவில்லை. குளம் பிழைக்க வேண்டும். மற்ற ஆலைகளின் ஆறுகளெல்லாம் கறுப்பாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

மாதக் கடைசி ஞாயிறு தோட்டத்து மாரியம்மனுக்கு ஆடித் திருவிழா. ஆற்றங்கரையில் கரகம் ஜோடித்து, பெண்கள் ஆற்றில் முழுகிப் பால்குடம் எடுத்து, குளத்துக் கரை வழியாகத்தான் கோயிலுக்கு வர வேண்டும். வேறு பாதை இல்லை. முன்னெல்லாம் ஆற்று நீர் கறுத்துப்போய், லயத்துக் குழாயடியிலேயே முழுகிவிட்டு வருவார்களாம். இந்த வருஷம் சின்னத்தாய் நேர்த்திக்கடன் வைத்து முதல் குடம் அவள்தான் தூக்கினாள். எதற்கு நேர்த்தி என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். வாகீஸ்வரி மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு, சிவானந்தம் பக்கத்தில் கரையில் நின்றாள். நாளைக்குக் கோலாலம்பூருக்கு என்ன சொல்வது என்று மனம் அதையே சுற்றிக்கொண்டிருந்தது.

உறுமி முழங்க ஊர்வலம் ஆற்றுப் பக்கமிருந்து ஏறி வந்தது. முன்னால் கரகம், பின்னால் ஈரச் சேலையோடு பெண்கள், தலையில் பால்குடம். வரிசை குளத்துக் கரைக்கு வந்தபோது காற்று திரும்பியது. முதலில் உறுமிக்காரன் தாளம் தப்பினான். அவனுக்குப் பின்னால் வந்தவர் வேட்டி நுனியை மூக்குக்குக் கொண்டுபோனார். “ஐயய்யோ, என்னா நாத்தம்டா இது!” என்று யாரோ கத்தினார்கள். பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓடினார்கள். புளித்த கஞ்சியும் அழுகிய முட்டையும். சிவானந்தம் வாகீஸ்வரியின் கையை இறுக்கிப் பிடித்தார். “பிள்ளை,” என்றார். “பிள்ளை, நாறுது!”

அவள் திரும்பிக் குளத்தைப் பார்த்தாள். நடுவில் ஒரு குமிழி வந்து உடைந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு கரையோரமாக, சேறு கொட்டிய இடத்தில், சோற்றுப் பானை கொதி வருவதுபோல் பொலபொலவென்று. கண்ணில் நீர் முட்ட, இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். அம்மனையா, சேறு சுமந்த பாயையா, சாணி கொடுத்த மாடுகளையா, யாரை என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

சுற்றிலும் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். சின்னத்தாய்க்கு மட்டும் பொத்த வழியில்லை. இரண்டு கையும் தலைமேல் பால்குடத்தில் இருந்தன. அவள் அப்படியே நின்று, கண்ணை மூடி, மார்பு விரிய மூச்சை உள்ளே இழுத்தாள். குடத்துப் பால் ததும்பி அவள் நெற்றியில் வழிந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.